நாலு பக்கமும் புடவை

டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார்கள். கூடத்தில் இருந்ததே அந்த ஒரு பிளக் பாயின்ட்தான். அறுபத்திரண்டு நாளாக, ராத்திரி ஒன்பதரை ஆனால் போதும், கதிரேசன் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்த இடத்தில் இப்போது அவரையே கிடத்தியிருந்தார்கள். தீபலட்சுமி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காதில் போன்.

"மேடம், நாலு மணிக்கு எடுக்கறாங்க. இப்பவே பதினொண்ணு. என் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா, இல்லையா?"

"ரியலி சாரி தீபா. சொல்ல முடியாது. உங்க அப்பாவே ஃபார்ம்ல டிக் பண்ணிருக்காரே" என்றாள் ரோஹிணி.

'ஒரே கூரை' நிகழ்ச்சியில் போட்டியாளர்களின் குடும்பங்களோடு பேசுவதற்கென்றே வைத்திருந்த பெண் அவள். பதினாலு பேரை நூறு நாள் ஒரே வீட்டில் பூட்டி, போன் கிடையாது, பேப்பர் கிடையாது, மூலைக்கு மூலை கேமரா வைத்துக் காட்டுவார்கள். கல்யாண வீடுகளில் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்த எழில் அதற்குள் போய்விட்டான். கதிரேசனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேம்ப் ரோட்டில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அவர் வேனில் ஏறும் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் அடம்பிடித்து எழில் அண்ணாவுக்கு ஓட்டுப் போட்டன. அந்த வேனைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் இன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஃபார்மில் கையெழுத்துதான் அவருடையது. டிக் அடித்தது தீபலட்சுமி.

"இன்னாம்மா போட்டுக்கீது இதுல?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"வூட்ல யாருக்குனா எதுனா ஆச்சுன்னா எழிலுகிட்ட சொல்லணுமா, ஷோ முடியற வரிக்கும் சொல்ல வேணாமான்னு கேக்கறாங்கப்பா."

"யாருக்கு இன்னா ஆவப்போவுது? வேணாம்னு போடும்மா. புள்ள ஜெயிக்கட்டும்."

அவளும் அடித்தாள். அந்த 'யாருக்குனா' என்பதில் தாங்களும் அடக்கம் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. படித்தவள் நானாவது யோசித்திருக்க வேண்டாமா என்று காலையிலிருந்து நூறு தடவை தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நான்தான் மேடம் தப்பா டிக் போட்டேன்" என்றாள் போனில். "என் தம்பிதான் கொள்ளி வெக்கணும். உங்கள கையெடுத்துக் கும்புடறேன்."

"லைன்லயே இருங்க. ஹெட்கிட்ட பேசறேன்" என்ற ரோஹிணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டாள்.

அந்த ஒரு மணி நேரமும் சேட்டு மாமா ஓயவில்லை. அம்மாவின் தம்பி. "இன்னா சொல்றான் டி.வி.க்காரன்? எழில் வரானா, இல்ல உன் சித்தப்பன் புள்ளைய ரெடி பண்ணவா? ஒரு முடிவ சொல்லும்மா." மேளக்காரர்கள் வந்து மணியைப் பார்த்தார்கள். அம்மா தனக்கோடி பெட்டியின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது.

"தீபா, அனுப்பறோம். மூணு மணிக்கு வந்துடுவார். ரெண்டு மணி நேரம் டைம். ஆனா கேமராவும் கூட வரும். ரெண்டே ரெண்டுதான்."

"சாவு வூடு மேடம் இது!"

"தெரியும்மா. அவர் இன்னும் கன்டெஸ்டன்ட். கேமரா இல்லாம வெளிய அனுப்ப எனக்கு பவர் இல்ல. வேணாம்னா சொல்லிடுங்க, ஃபார்ம்ல இருக்கறபடியே விட்டுடறோம். எனக்கும் இது பிடிச்சு செய்யல."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் தீபலட்சுமி வாயெடுத்தாள். சினேகா நினைவில் குறுக்கே வந்து நின்றாள்.

சினேகா அதே போட்டியில் இருந்த பெண். போன மாதம் அவளைத் தனி ரூமுக்குக் கூப்பிட்டு, அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும் சேதியைச் சொன்னார்கள். அந்தப் பெண் தரையில் புரண்டு அழுதது. இந்த வீட்டில் ஒருத்தராவது சேனலை மாற்றினார்களா? "சவுண்டு வையிம்மா" என்றார் அப்பா, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுநாள் மறைமலை நகர் போகும் கம்பெனி பஸ்ஸில் தீபலட்சுமி அதையே மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். அழுகை வந்தது, அழுவதற்கு நன்றாகவும் இருந்தது. நாளைக்கு யாரோ ஒருத்தி எந்த பஸ்ஸிலோ உட்கார்ந்து எழிலைப் பார்த்து அப்படி அழுவாள்.

"யம்மா, கேமராவோடதான் வுடுவாங்களாம்" என்றாள் அம்மாவிடம்.

தனக்கோடி நிமிர்ந்தாள். "எத்தினி கேமரா வேணா வரட்டும். எம்புள்ள அவங்கப்பன் மூஞ்ச பாக்கணும். அன்னிக்கே ஒரு வார்த்த பேசல அவன்."

அன்றைக்கு என்பது போன வாரம். குடும்பத்தை உள்ளே விட்டு ஒரு ஆட்டம் வைத்தார்கள், 'சிலை' என்று. யார் வந்தாலும் போட்டியாளர்கள் அசையக் கூடாது, பேசக் கூடாது. அசைந்தால் அந்த வாரம் எல்லாருக்கும் அரைச் சாப்பாடு. கதிரேசன் போய் மகன் முன்னால் நின்றார். கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்துவிட்டார். "ஏன்டா இளைச்சுப் போயிட்ட? நல்லா துன்றியாடா?" என்று கேட்டார். எழில் கையைத் தொங்கவிட்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான். கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டியது. அவர் வெளியே வந்து கதவு சாத்திய பிறகுதான் மைக்கில் 'ரிலீஸ்' என்றார்கள். வீட்டுக்கு வந்து தெரு முழுக்கச் சொன்னார் மனிதர்: "கண்ண கூட சிமிட்டல தெரியுமா! எம்புள்ளதான் ஜெயிக்கப்போறான் பாரு."

மூன்று மணிக்குத் தெருமுனையில் வண்டி நின்றது. கேமராக்காரன்தான் முதலில் வந்தான், பின்பக்கமாகவே நடந்துகொண்டு. "எழில் அண்ணா!" என்று ஒரு பிள்ளை கத்த, யாரோ வாயைப் பொத்தினார்கள். சட்டைக் காலரில் குட்டி மைக்கோடு எழில் உள்ளே வந்தான். சேதியைச் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் நின்றான்.

நின்றான் என்றால் நின்றான்தான். கை தொங்கியது. மோவாய் மேலே தூக்கியிருந்தது. கண் இமைக்கவில்லை.

"அழுதுடுடா தம்பி, நெஞ்சுல வெச்சுக்காத" என்று சேட்டு மாமா தோளைப் பிடித்து உலுக்கினார். அம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவன் அசையவில்லை. ஒரு கேமரா அவன் முகத்துக்குப் பக்கத்திலும், இன்னொன்று அப்பாவின் முகத்துக்குப் பக்கத்திலும் வந்தது. கூடவே வந்திருந்த ரோஹிணி சுவரோரம் நின்று தரையைப் பார்த்தாள்.

தீபலட்சுமிக்கு அந்த நிற்பு எது என்று தெரிந்துவிட்டது.

"மாமா! அப்பாவ வெளிய எடுங்க, குளிப்பாட்டலாம். மறைப்பு புடிக்கச் சொல்லுங்க."

"மணி மூணேகால்தானேம்மா ஆவுது?"

"இப்பவே மாமா."

கதிரேசனைத் தூக்கிப்போய் வாசல் பெஞ்சில் கிடத்தினார்கள். குளிப்பாட்டும்போது செத்தவரை ஊர் பார்க்கக் கூடாது. தெருப் பெண்கள் பழைய புடவைகளைக் கொண்டுவந்து நாலு பக்கமும் விரித்துப் பிடித்தார்கள். உள்ளே அம்மா, மாமா, எழில், தீபலட்சுமி.

"அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் கேப் விடுங்களேன்" என்றான் கேமராக்காரன் வெளியே.

"உங்கப்பன குளிப்பாட்டசொல்லோ வந்து கூப்புடு, கேப் வுடறேன்" என்றாள் எதிர்வீட்டு சுந்தரவல்லி. புடவையை இன்னும் ஒரு முழம் தூக்கிப் பிடித்தாள்.

மாமா எழிலின் கையில் சொம்பைக் கொடுத்தார். கை வாங்கிக்கொண்டது, ஆள் அசையவில்லை. தீபலட்சுமி தம்பியின் காலரிலிருந்த மைக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடினாள். விரல் இடுக்கில் பச்சை வெளிச்சம் தெரிந்தது. இன்னும் இறுக்கினாள். அவன் காதருகே குனிந்தாள்.

"ரிலீஸ்டா" என்றாள்.

எழிலின் மோவாய் இறங்கியது. சொம்போடு மண்டி போட்டு அப்பாவின் காதுப்பக்கம் முகத்தைக் கொண்டுபோனான்.

"துன்றேன்பா" என்றான். "நல்லாதான் துன்றேன்."

"மேடம், ஆடியோ கட்டாயிடுச்சு" என்றது வெளியே ஒரு குரல். ரோஹிணி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

எழில் சொம்பைச் சாய்த்தான். தண்ணீர் கதிரேசனின் நெஞ்சில் விழுந்து, பெஞ்சிலிருந்து வழிந்து, புடவைகளுக்கு அடியில் புகுந்து வெளியே நின்றவர்களின் ஷூ வரைக்கும் போனது.