சரிந்ததும் சரித்ததும்

விடிவதற்குள் குழிக்குள் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைக் கல் கண்ணைத் திறக்க விடாது. அறுபதடி ஆழச் சுண்ணாம்புக்கல் குழி அது. பொக்லைன் பெயர்த்துப் போடும் கட்டிகளிலிருந்து களிமண்ணைச் சம்மட்டியால் தட்டி உதிர்த்து, கல்லை மட்டும் டிப்பருக்கு ஒதுக்குவது பெண்கள் பதினோரு பேரின் வேலை. தட்டத் தட்ட வெண்புழுதி மூக்கில் அப்பும். தோளெலும்பு பத்து மணிக்குள் மரத்துப்போகும். சில கட்டிகள் பிளக்கும்போது உள்ளிருந்து சிப்பி விழும். அரியலூர்ப் பக்கத்தில் அதை யாரும் குனிந்து எடுப்பதில்லை. எப்போதோ கடல் கிடந்த மண். கல் ஒரு வரி, களி ஒரு வரியாகக் கடல் அடுக்கிவிட்டுப் போயிருந்தது. மழைநீர் களி வரிக்குள் புகுந்தால் மேலே இருக்கும் கல் வழுக்கி நகரும்.

அது நகர்வதைக் கண்டுபிடிக்கப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சுவரில் வெடிப்பு தெரியும் இடத்தில், அதன் குறுக்கே ஈரக் களிமண்ணை இரண்டு விரலால் பூசிவிடுவார்கள். பொட்டு வைப்பது என்று அதற்குப் பேர். பொட்டு பிளந்தால் சுவர் அசைகிறது; கீழே யாரும் நிற்கக் கூடாது. வெயிலில் தானாகக் காய்ந்து வெடித்து ஏமாற்றாமல் இருக்கக் களியில் கொஞ்சம் சாணி கலந்து பிசைவார்கள். ஆளுக்கொரு நாள் முறை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பரிமளாவின் முறை. சாணி எடுத்து வர மறந்துவிட்டாள். மேற்குச் சுவர் வெடிப்பில் வெறும் களியிலேயே பொட்டு வைத்தாள். ஒன்பது மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது அதில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. சாணி கலக்காததால் காய்ந்து வெடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து சம்மட்டியை எடுத்தாள். ஆனால் ஐப்பசி மாதம். முந்தின நாள் முழுக்க மழை. அன்று வானம் மூடியே கிடந்தது. எந்த வெயிலில் காய்ந்திருக்கும்? அப்படி நினைத்தாளா, நினைக்க விரும்பினாளா?

அரை மணி நேரத்தில் மேற்குச் சுவர் இறங்கியது. பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து மணல் கொட்டுவது போல நீண்ட சரசரப்பு மட்டும். கூட வேலை செய்யும் செங்கமலம் இடுப்பு வரை உள்ளே போயிருந்தாள். கையாலேயே தோண்டி எடுத்தார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் அவள் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி தங்கராசு எல்லோரையும் மேட்டுத் தகரக் கொட்டகைக்கு அழைத்தார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. பரிமளா பத்தாவது வரை படித்தவள் என்பதால் அவளிடம்தான் நீட்டினார். தொடர் மழையால் மேற்குச் சுவர் சரிந்தது என்றும், இது இயற்கை நிகழ்வு என்றும், யாருடைய கவனக்குறைவும் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. நேரில் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாளைக் காலையே வேலை தொடங்கும். அதே மேற்குச் சுவருக்குக் கீழே.

"படிச்சியா? மொதல்ல நீ போடு," என்றார்.

அவள் பேனாவை வாங்கினாள். யாருடைய கவனக்குறைவும் இல்லை. அந்த வரி தனக்காகவே எழுதப்பட்டது போல இருந்தது. மழை செய்தது, கடல் செய்தது, பரிமளா எதுவும் செய்யவில்லை. முதலாளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய பொய்க்குள் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இதமாக இருந்தது. இதமாக இருந்ததாலேயே அவள் பேனா மூடியைத் திறக்கவில்லை.

வாய்விட்டுப் படி என்றாள் பின்னால் நின்ற ராசாத்தி. பரிமளா படித்தாள். ஓரிடத்தில் ராசாத்தி நிறுத்தினாள்.

"சரிஞ்சுச்சா? சரிச்சாங்களா?"

தங்கராசு சிரித்தார். "உன்னையத் தமிழ் வாத்தியாராப் போட்டிருக்கணும். மண்ணுன்னா சரியத்தான் செய்யும். கடல் களிமண்ண வச்சிட்டுப் போனதுக்கு நான் பொறுப்பா?"

"கடல் வச்சதுக்கு நீங்க பொறுப்பில்லைங்க. படிப்படியா விட்டு வெட்டணும்னு சட்டம் இருக்குல்ல, படி எங்க? நெட்டுக்குத்தா நிக்கிற சுவத்துக்கு அடியில தோண்டச் சொன்னது கடலா?"

"குழிய மூடிட்டா எங்க போவீங்க? ஆண்டிமடத்துக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கவா?"

"மூட வேணாங்க. படி வெட்டுங்க, எறங்குறோம்."

அவர் சிரிப்பு நின்றது. மதியத்துக்குள் தாள் மேசைக்கு வர வேண்டும் என்றார். போகிற போக்கில் லீலாவதியைப் பார்த்து, குடியிருக்கிற வூடு யாருதுன்னு நெனப்பு இருக்கட்டும் என்றார். லீலாவதியின் குடும்பம் அவருடைய தோட்டத்து வீட்டில்தான் இருந்தது.

கருவேல மரத்தடியில் உட்கார்ந்ததும் பரிமளா சொல்லிவிட்டாள். "பொட்டு பொளந்தத நான் பாத்தேங்க்கா. பாத்துட்டும் சொல்லல. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரக் குத்தம் சொல்றது?"

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நானுந்தாண்டி பாத்தேன்."

அவள் சொன்ன பிறகு சத்யாவும் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். சாணி, வெயில், கண் மயக்கம் என்று ஆளுக்கொரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாகத் தனித்தனியே வெந்துகொண்டிருந்தார்கள். ஏன் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டாள் சத்யா. பதில் எல்லோருக்கும் தெரியும். புரட்டாசியில் ஒரு நாள் பொட்டு பிளந்தபோது செங்கமலம் கத்தி எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டாள். அன்று சுவர் விழவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம், வேலை இல்லை என்று எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகும் பொட்டு வைப்பது நிற்கவில்லை. அதை நம்புவதுதான் நின்றுபோனது.

பரிமளாவுக்குத் தன் தவறு குறைந்துவிட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் அது தன் நெஞ்சில் மட்டும் முளைத்ததல்ல என்று தெரிந்தது.

பொக்லைன் ஓட்டும் வாசிம் அதுவரை தள்ளி நின்றிருந்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரன், துபாயில் நான்கு வருஷம் இதே வண்டியை ஓட்டிவிட்டு வந்தவன். மெதுவாகக் கிட்டே வந்தான்.

"என் பேரையும் எழுதுங்கக்கா. அடியில இன்னும் ரெண்டு பக்கெட், இன்னும் ரெண்டு பக்கெட்டுன்னு எடுக்கச் சொன்னாரு. மேல நிக்காதுங்கன்னேன். அல்லா பாத்துப்பாரு, நீ தோண்டுன்னாரு. தோண்டுனது என் கைதான்."

"வேலை போயிடும் தம்பி," என்றாள் ராசாத்தி.

"செங்கமலக்காவுக்குக் காலே போயிடுச்சு."

பரிமளா அந்தத் தாளைத் திருப்பிப்போட்டு எழுதினாள். சுவர் தானாகச் சரியவில்லை. படி விடாமல் அடியைத் தோண்டிச் சரித்தார்கள். பொட்டு பிளந்ததைப் பார்த்தும் வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் சொல்லவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"நாங்கன்னு போடுடி," என்றாள் ராசாத்தி.

பரிமளா அடித்துத் திருத்தினாள். ஒன்பது பெண்களும் வாசிமும் கையெழுத்துப் போட்டார்கள். லீலாவதி போடவில்லை. யாரும் அவளை வற்புறுத்தவும் இல்லை. சத்யா தாளைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு, பரிமளா அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போய் முதலாளிக்கு எதிரே விரித்துப் பிடித்தாள். மேசையில் வைக்கவில்லை.

தங்கராசு நிதானமாகப் படித்தார். "உன் தப்ப நீயே எழுதிக் குடுக்கிற பரிமளா. மொதல்ல உள்ள போறது நீதான்."

அவள் தாளை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"நாங்கன்னு எழுதியிருக்குங்க," என்றாள். "நல்லாப் பாருங்க."

கலெக்டர் ஆபீசில் கொடுக்கலாம் என்று மெயின்ரோட்டுக்கு நடந்தார்கள். வாங்கிக்கொள்வார்களா, வாங்கினாலும் படிப்பார்களா, யாருக்கும் தெரியாது. நாளைக்கு வேலை கிடையாது என்பது மட்டும் தெரிந்தது. தூறல் விழத் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது லீலாவதி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"வூட்டக் காலி பண்ணச் சொல்லுவாரு," என்றாள்.

ராசாத்தி நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

"சொல்லட்டும். சாமான் தூக்க நாங்க பத்துப் பேரு வரோம்," என்றாள் ராசாத்தி.

லீலாவதி பேனாவைக் கேட்டாள். வைத்து எழுத இடமில்லை. பரிமளா திரும்பி நின்று, குனிந்து முதுகைக் கொடுத்தாள். சத்யா தாள் நனையாமல் மேலே முந்தானையை விரித்துப் பிடித்தாள். பேனா முனை ஒவ்வோர் எழுத்தாக முதுகில் அழுத்தி நகர்ந்தது. வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அவசரமில்லக்கா, நெதானமாப் போடுங்க," என்று சொல்லிவிட்டு, வாசிம் ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினான்.