பதினொன்றரை வேன்

மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

எதிரே நின்றவர் ராஜமாணிக்கம், கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவர். பௌர்ணமிக்காக எங்கள் ஃப்ளெக்ஸ் கடையில் அடித்த நேரப்பட்டியல் பேனரில் அவருடைய பதினொன்றரை மணி வேன் 1.30 என்று விழுந்திருந்தது. கிரிவலம் முடித்த ஜனம் அதை நம்பி வெயிலில் வந்து நிற்க, வேன் எப்போதோ போய்விட்டிருந்தது. மறுநாள் அவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார்களாம்.

"கை தவறிப்போச்சுன்னு ஒரு சாரி சொல்லிடு பர்சானா," என்றார் முதலாளி ராமகிருஷ்ணன்.

"என் கை தவறலைங்க சார். நீங்க தட்டற டேப்புதான் கோளாறு."

எங்கள் கடையில் ஊரையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் எடிட்டரில் அடிப்பது முதலாளிதான். நடுவில் இடம் விட டேப் விசையைத் தட்டுவார். சின்னப் பெயருக்கு இரண்டு, நீளப் பெயருக்கு ஒன்று. திரையில் எல்லாம் நேர்க்கோடாக நிற்கும், அதில் அவருக்குப் பெருமை வேறு. நேரங்களை மட்டும் மவுஸால் கட்டம் போட்டு இழுத்து வெட்டி எடுத்துப் பேனரில் ஒட்டுவது என் வேலை. அந்தப் பாழாய்ப்போன எடிட்டர் டேப்பைக் காட்டும்போது ஓர் அகலம் காட்டும், வெட்டும்போது வேறோர் அகலத்தில் வெட்டும். இரண்டு டேப் தட்டிய வரிகள் எல்லாம் ஒன்றுபோல நின்று தப்பித்துவிடும். ஒற்றை டேப்பில் நிற்கும் கீழ்பென்னாத்தூர் மட்டும் பிசகும். 11.30இல் முதல் ஒன்று கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. 1.30 என்பதும் ஒரு நேரம்தானே, யார் கண்ணை உறுத்தும்? போன மாதமே சொன்னேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்களே இழுங்க சார்." மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.

இழுத்தார். 1.30. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அதே 1.30.

"பேரு நீளம்மா, அதான். கீ.பெ.னு சுருக்கிட்டா ரெண்டு டேப் உக்காந்துடும்."

"எங்க ஊரையா?" என்றார் ராஜமாணிக்கம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேரத்தைக் கடிச்சது போதாதுனு ஊரையும் கடிக்கணுமா? டேப்பை எல்லாம் தூக்கிட்டு கமா வெச்சு எக்ஸெல்ல போட்டுடறேன். இழுக்கற வேலையே இருக்காது."

"என் ஃபைல்ல கை வெச்ச, நாளையிலேருந்து வேலைக்கு வராத."

திருவண்ணாமலையில் எனக்கென்று இருப்பது இந்த நாற்காலி ஒன்றுதான். அதற்காகச் செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமா? டேப்பை எல்லாம் மாற்றி, சேவ் கொடுத்தேன். கீழ்பென்னாத்தூர் முழுசாக நின்றது, பக்கத்தில் 11.30.

"வராதன்னா எழுதிக் குடுங்க சார். காரணம்ன்ற இடத்துல, பதினொன்றரையைப் பதினொன்றரைன்னே போட்டதுக்குனு எழுதுங்க."

முதலாளி ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். ராஜமாணிக்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை யாரும் எடுக்கவில்லை.

நான் அடுத்த பேனருக்கான ஃபைலைத் திறந்தேன். அதிலும் டேப்தான். முதலாளி பார்க்கப் பார்க்க, அதையும் எடுத்தேன்.