மூன்றாவது சொட்டு

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவளிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது பொய் சொல்வார்கள். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பலகையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாலும் அதே எழுத்துகளையே ஒப்பிப்பார்கள். "போன வருசம்தானே பார்த்தோம், நல்லாத்தானே இருந்துச்சு?" என்று மல்லுக்கு நிற்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "அது போன வருசத்துக் கண்ணுங்க. இது இந்த வருசத்துக் கண்ணு."

அதே பதிலைத் தாய்சேய் மையத்து நர்ஸ் அவளுக்கே திருப்பிச் சொன்னபோதுதான் மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"கர்ப்பமா இருக்கும்போதே ரெண்டு தடவை எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தாச்சே சிஸ்டர். ரெண்டுலயும் இல்லைன்னுதானே வந்துச்சு?"

"அது அப்போ உள்ள ரத்தம்மா. இது இப்போ உள்ள ரத்தம்."

எடை பார்க்கும் தட்டில் அவளுடைய மகன் பட்டாணி கிடந்தான். பிறந்தபோது அந்த அளவில்தான் இருந்தான் என்பது அவன் அப்பாவின் கணக்கு. இப்போது தட்டு நிறைய இருந்தான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, யாரையும் கேட்காமல், தன் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

தட்டைத் துடைத்தபடியே நர்ஸ் சொன்னார். "பால் குடுக்கிற அம்மாங்க எல்லாருக்கும் பார்க்கிறோம். உன் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கல. நடுவுல புதுசா தொத்தியிருந்தா, அந்தச் சமயத்துலதான் கிருமி உடம்புல கூட்டமா இருக்கும், பால் வழியா பிள்ளைக்குப் போறதும் அப்பதான் ஜாஸ்தி. சீக்கிரம் தெரிஞ்சா மருந்து குடுத்துக் காப்பாத்திடலாம். உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே பார்த்துடுவோம்."

"அதுவரைக்கும் பாலு?"

"அது பாட்டுக்குக் குடு. நிறுத்தாதே."

சரிதான் என்று பட்டது. தன் சரக்கையே தன்னிடம் விற்றால் எப்படி வேண்டாம் என்பது?

வீட்டுக்காரர் கறிக்கடைக்காரர். சந்தையில் அவர் கத்தியை எடுத்தால் செத்த ஆடுகூட இன்னொரு தரம் பயப்படும் என்பார்கள். அப்படிப்பட்டவர் விஷயத்தைக் கேட்டதும் வெள்ளைக் காகிதமாக வெளுத்தார்.

"நாளைக்கா? நாளைக்குக் கத்தி எல்லாம் சாணை பிடிக்கணுமே."

மறுநாள் குளிர்பெட்டி ரிப்பேர். அதற்கடுத்த நாள், "பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். அந்தப் பெரியப்பா இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இவர் அதைச் சொன்னார்.

மாமியாரோ ஒரேயடியாகக் குதித்தார். "என் பிள்ளையை என்னன்னுடி நினைச்சே? ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இல்லைன்னு வந்தாச்சு. பாஸான பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்!"

"பரீட்சை எனக்கு அத்தை. உங்க பிள்ளை ஏன் ஓடுறாரு?"

"ஓடுறானா? அவன் எதுக்கு ஓடணும்? வேலை இருக்கு, போறான்."

ஊசிக்குப் பயமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே சிரிப்பும் வந்தது. பல் விளக்குவதற்கு முன்பே ரெண்டு ஆட்டை உரித்துத் தொங்கவிடுகிறவருக்கு ஊசியா பெரிசு? அப்படியென்றால் வேறு என்ன? அவள் நிறைமாதமாக இருந்தபோது ஆடு பிடிக்க வெளியூர் போய் ஒரு வாரம் தங்கி வந்தார். திரும்பும்போது உடம்பில் புதுச் சட்டை. அன்றைக்கு அந்தச் சட்டை அழகாகத்தான் இருந்தது.

பட்டாணிக்கு இந்தச் சட்டைப் பிரச்சனை எதுவும் தெரியாது. பசித்தால் கத்தினான், கிடைத்தால் குடித்தான். அவள்தான் அவன் விழுங்கும் ஒவ்வொரு மடக்கையும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் உடம்பே தன் பிள்ளைக்கு எதையோ ஊட்டிக்கொண்டிருக்குமோ என்று நினைத்துவிட்ட பிறகு, எந்தச் சமாதானமும் எடுபடவில்லை.

ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் போறேன். வந்தா வாங்க. இல்லாட்டி உங்க பெரியப்பாவையே நல்லாப் பார்த்துக்கங்க."

அவர் கத்தியைப் பார்த்தார். கத்தி எதுவும் சொல்லவில்லை. மாமியார்தான், மருமகளைப் பாதி வழியில் மறித்துத் திருப்பிவிடும் யோசனையோடு, பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மையத்து வாசல்வரை மறித்தும் பயனில்லை.

காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பையன் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பைக் கடித்து ருசி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல பிள்ளைங்களை இப்படித் திரும்பத் திரும்பக் குத்துறாங்க பாரும்மா" என்று மாமியார் அவளிடம் ஆள் சேர்த்தார்.

அந்தப் பெண் பையனின் வாயிலிருந்து நாற்காலியை விடுவித்தாள். "எனக்கும் முதல் தடவை இல்லைன்னுதான்மா வந்துச்சு. ஏழாம் மாசம் திரும்பப் பார்த்தப்போ இருக்குன்னாங்க. அன்னையில இருந்து மாத்திரை போடுறேன். இவனுக்கும் பிறந்தவுடனே மருந்து குடுத்தாங்க. கடைசியாப் பார்த்த வரைக்கும் இவனுக்கு இல்லை. இவனுக்கு இருக்கிற ஒரே வியாதி நாற்காலிதான்."

மாமியார் மெதுவாகப் பையைத் திறந்து, பட்டாணியின் கிலுகிலுப்பையை எடுத்து அந்தப் பையன் கையில் கொடுத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் போனை எடுத்தார். அவர் குரலுக்குப் போன் தேவையே இல்லை.

"டேய்! உடனே வா... கூட்டமா? கடையைச் சாத்துடா! ...எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு வா!"

கறிக்கடைக்காரர் வந்து சேர்ந்தபோது, இடுப்பில் கட்டிய துணியைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. வியர்த்து ஊற்றியது. உள்ளே அவளுக்கு விரலில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பஞ்சின் நடுவில் மிளகளவு சிவப்பு. அதைத்தான் அவர் பார்த்தார். அடுத்த நொடி, சுமைகாரன் ஒரு முழு ஆட்டைத் தோளிலிருந்து இறக்கியதுபோல 'தொப்'பென்று தரையில் கிடந்தார்.

"ஐயோ! என்னங்க!"

"ஒண்ணுமில்லடி, எந்திரிச்சுடுவான்" என்றார் மாமியார், பழகிப்போன குரலில். "சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்தப்போ ஜன்னல் வழியா குதிச்சு ஓடினவன். மனுச ரத்தம் ஆகாது. கறிக்கடைக்காரன் ரத்தத்தைப் பார்த்து மயங்குறான்னு சந்தையில தெரிஞ்சா எவன்டி கறி வாங்குவான்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டச் சொன்னா கண்ணாடிக் கடைக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெளிவாத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டில் எதை முதலில் அனுப்புவது என்று புரியாமல் நின்றாள்.

"மயக்கத்துலயே குத்திடுங்க சிஸ்டர், அவனுக்குத் தெரியாது" என்று மாமியார் ஒரு வழி சொன்னார்.

"மயங்கினவர்கிட்ட சம்மதம் வாங்க முடியாதும்மா. எந்திரிக்கட்டும், கேப்போம்."

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தார். பெண்டாட்டியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கேட்டார். "தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு. அந்த வெளியூர்ச் சட்டை?"

"எந்தச் சட்டை? ஓ, அதுவா... ஆடு முட்டிப் பழசைக் கிழிச்சிருச்சு."

நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்துப் பலகையை ஒப்பிக்கிறவர்களும் நம்பும்படியாகத்தான் ஒப்பிப்பார்கள்.

"பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சுபோச்சுங்க. அது ஒரு டெஸ்ட். இன்னொண்ணு பாக்கி இருக்கு."

அவர் பட்டாணியைப் பார்த்தார். பட்டாணி அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். "எடுங்க சிஸ்டர்" என்று படுத்துக்கொண்டே கையை நீட்டினார். அவர் கண்ணை அம்மா பொத்தினார்.

முடிவு வரும்வரை கிலுகிலுப்பை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒவ்வொருவரையாகத் தனியே கூப்பிட்டார். அவள் போய் உட்கார்ந்தாள். "இல்லைம்மா" என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். அடுத்து அவர் போனார். வந்ததும் அவளருகில் குனிந்தார்.

"எனக்கும் இல்லை."

"சிஸ்டர் சொன்னாங்களா, நீங்களாச் சொல்றீங்களா?"

"வேணும்னா நீயே வந்து கேளு." அவரே அவளை உள்ளே அழைத்துப்போய், "இவகிட்டச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார். நர்ஸ் சொன்னார்.

பட்டாணி பசி வந்து கத்தினான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் விழுங்குகிற சத்தம் இன்றைக்கு அவள் காதில் விழவில்லை; சுவர் ஓரத்து விசிறியின் சத்தம்தான் கேட்டது, அதுவும் நன்றாக இருந்தது.

"பால் குடுக்கிற வரைக்கும் அப்பப்போ வந்து பார்த்துக்கணும். ரெண்டு பேரும்தான்" என்று நர்ஸ் கதவருகே நின்று சொன்னார்.

விரலில் ஒட்டிய பஞ்சைப் பார்க்காமலிருக்க, கறிக்கடைக்காரர் எதிர்ச் சுவரை வெறித்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவைன்னா... அப்போ பார்த்து..." என்று இழுத்தார்.

மாமியார் பையைத் தோளில் மாட்டினார். "பெரியப்பா செத்துப்போயிட்டாருடா. ஞாபகம் வச்சுக்க."