மலையில் இருந்த அழுக்கு

ஜகந்நாதன் குடையை மடக்காமலேயே ஸ்டுடியோவுக்குள் வந்து, சொட்டச் சொட்ட என் மேஜைக்கு முன்னால் நின்றார். அறுபத்து நாலாம் வருஷத்து ஆகஸ்ட் மழை. நெகட்டிவ்கள் பரப்பிக் கிடக்கிற மேஜைப் பக்கம் யார் ஈரத்தோடு வந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மெழுகுத்தாளில் சுற்றியிருந்த பெரிய படத்தைப் பிரித்து வைத்தார். ஏப்ரலில் எங்கள் கடையிலேயே பெரிதாக்கிக் கொடுத்த மலைப்படம்தான். போட்டோ போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியது. கண்ணாடிச் சட்டம் போடக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஹமீது பாய், இதுல ஒருத்தன் உக்காந்திருந்தானே, எங்கே?" என்றார்.

மலையில் ஏது ஆள்? கர்ஜத் பக்கத்து மலை அது. கீழே காய்ந்த புல், நடுவில் நிழல் விழுந்த கரும்பாறைச் சுவர், மேலே வானம். ஈ காக்கை கிடையாது. பரிசு கொடுத்தவர்களும் அதைத்தான் பாராட்டி எழுதியிருந்தார்கள், மனித வாடையே படாத மலை என்று. அந்தக் காகிதத்தை ஜகந்நாதன் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் மனசுக்குள் பூரித்துக்கொண்டது வேறு விஷயம்.

என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் வானமாமலை அண்ணாச்சி நடத்துகிற ஸ்டுடியோவில் நான் டச்சிங் ஆள். படம் பிடிப்பது அண்ணாச்சி. பிடித்த நெகட்டிவை விளக்குக்கு மேல் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சரிசெய்வது நான். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். வெளுப்பெல்லாம் கறுப்பாகவும் கறுப்பெல்லாம் வெளுப்பாகவும் இருக்கும். அதில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் படத்தில் வெள்ளையாக விழும். கத்தி முனையால் சுரண்டினால் அந்த இடம் கறுத்துவிடும். பென்சிலை அழித்துவிடலாம், சுரண்டியது திரும்பி வராது. தாராவியிலிருந்து நடந்து வந்து ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சம்பந்தம் பேச ஊருக்கு அனுப்புகிற படங்களால்தான் கடை ஓடியது. அம்மைத் தழும்பு, மரு, கண்ணுக்குக் கீழ்க் கறுப்பு எல்லாம் என் மேஜையோடு சரி. ஒரு தடவை ஒரு பெண்ணின் மூக்கோரத்து மருவை எடுத்துவிட்டேன். பாலக்காட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், வேறு பெண்ணைக் காட்டி ஏமாற்றுகிறீர்களா என்று சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். பெண்ணின் அப்பா வந்து குதித்தார். அண்ணாச்சி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம், "நீ எடுத்ததுல தப்பில்லடே, அவங்க நேர்ல பாக்க வந்ததுதான் தப்பு" என்றார். நான் தொழில் கற்றதும் அப்படித்தான். எதை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவன் டச்சிங் ஆளே இல்லை.

ஜகந்நாதனும் சுந்தரராமனும் கோட்டைப் பக்கம் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து நேரலிலோ கர்ஜத்திலோ இறங்கி மலையேறப் போய்விடுவார்கள். ஜகந்நாதன் தோளில் காமிரா, சுந்தரராமன் பையில் வர்ணப்பெட்டியும் அட்டையும். ஜகந்நாதன் ஒரே மலையை ஏழு தடவை எடுத்துக்கொண்டு வருவார். மலை எங்கேயும் ஓடிவிடாது என்று அண்ணாச்சி கேலி செய்வார். சுந்தரராமன் கடைக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் தான் வரைந்த ஒன்றை என்னிடம் காட்டினார். ஐந்து மலைகள், ஒன்றின் பின் ஒன்றாக, எல்லாமே நீலம். தூரத்து மலை பச்சை இல்லை, நீலம்தான் என்று கண்ணுக்குப் பிடிபடவே தனக்கு மூன்று வருஷம் ஆயிற்று என்றார். நானோ மலையை வெள்ளையாகவும் வானத்தைக் கறுப்பாகவும் பார்த்துப் பழகியவன். எனக்கு என்ன தெரியும்?

ஜூலையில் சுந்தரராமன் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். முப்பத்து நாலு வயது. அகிலாண்டம் என்று மனைவி, குழந்தை இல்லை. துக்கம் கேட்க வந்த இடத்தில் யாரோ ஒரு உறவுக்காரி சும்மா இருக்காமல், எவனாவது ஞாயிற்றுக்கிழமையானால் பெண்டாட்டியை விட்டுவிட்டு மலைக்கா போவான் என்று ஆரம்பித்திருக்கிறாள். செம்பூரில் யாரோ ஒரு நர்ஸ் என்று இன்னொருத்தி சேர்த்திருக்கிறாள். டிரங்குப் பெட்டி நிறைய அவர் வரைந்த மலைகள் இருக்கின்றன என்று அகிலாண்டம் சொன்னதற்கு, காலண்டரைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று பதில் வந்தது. ஜகந்நாதன் நேரில் போய்ச் சத்தியம் செய்தார். சிநேகிதன் மூடி மறைக்காமல் வேறு யார் மறைப்பார்கள் என்று அதையும் தள்ளிவிட்டார்கள். பதின்மூன்று நாளும் கழிந்த பிறகு அகிலாண்டம் ஜகந்நாதனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். அவர் மலையில் இருக்கிற மாதிரி ஒரு படம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. தனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது என்று அவள் சொன்னதைச் சொல்லும்போது ஜகந்நாதனின் குரல் உடைந்துபோயிற்று.

பரிசு வாங்கிய படத்தில் சுந்தரராமன் இருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வெள்ளை ஜிப்பாவோடு பாறை விளிம்பில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாராம். வீட்டில் லென்ஸ் வைத்துத் தேடியும் கிடைக்காமல் என்னிடம் ஓடிவந்திருக்கிறார்.

நெகட்டிவை எடுத்து விளக்கில் வைத்தேன். பாறைச் சுவரில் நாலு இடத்தில் என் கத்தித் தடம் இருந்தது. சுரண்டுவதற்கு முன்னால் நாலும் கடுகில் பாதி கூட இல்லாத கறுப்புத் துணுக்குகள், படத்தில் வெள்ளையாக உறுத்தியிருக்கும். சுரண்டியது ஞாபகம் இருக்கிறது. அதில் ஒன்று மனுஷன் என்பது ஞாபகத்தில் இல்லை.

"நா பாக்கும்போது அழுக்காத்தான் சார் இருந்துச்சு. எம்மேலதான் தப்பு" என்றேன்.

ஜகந்நாதன் குடையைத் தரையில் வைத்தார்.

"தப்பு உங்க பேர்ல இல்லை, பாய். அவன் எறங்கி வரட்டும்னு அரைமணி காத்துண்டிருந்தேன். வரலை. வெயில் போயிடும்போல இருந்தது. சரி, ஹமீது பாய் எடுத்துடுவார்னு பட்டனை அமுக்கிட்டேன்."

உள்ளேயிருந்து அண்ணாச்சி யாரோ ஒரு குழந்தையைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்க வந்தது எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. நெகட்டிவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும், படத்தில் வெள்ளை ஜிப்பா வந்துவிடும். ஒரு நிமிஷ வேலை. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பொய் செய்திருக்கிறேன், கை கூசியதில்லை. அன்று கூசியது. நாலு தடத்தில் எது அவர் என்று கேட்டேன். ஜகந்நாதன் ஒன்றைக் காட்டினார். பிறகு, இல்லை, அதற்கு மேலே இருக்கிறது என்றார். அவர் குழம்புவதைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. அந்த இடத்தை என் கண்ணால் பார்க்காமல் பென்சிலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஜகந்நாதனோடு கர்ஜத்தில் போய் இறங்கினேன். எங்கள் ஊர் கடையநல்லூரில் மேற்கே திரும்பினால் மலைதான். ஏறிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே வந்து, பாசி வழுக்குகிற பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறினேன். படத்தில் காய்ந்து கிடந்த புல் இடுப்பளவு பச்சையாக நின்றது. எதிர்ச்சரிவில் காமிரா வைத்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டு ஜகந்நாதன் மட்டும் பாறைச் சுவருக்குச் சுற்றிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் சொல்லவில்லை.

நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். காற்று காதை அடைத்தது. மேகம் பாறை மேல் ஏறி இறங்கியபோதெல்லாம் அதன் நிறம் மாறிக்கொண்டே இருந்தது, ஒரு தடவை நீலமாகக்கூடத் தெரிந்தது. சுந்தரராமன் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது ஏன் என்று லேசாகப் புரிந்தது. ஜகந்நாதன் வெயிலுக்காக அரைமணி நேரம் தவித்ததும் புரிந்தது. இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு பாறை விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்கார்ந்தது. கையை ஆட்டுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. தலை இல்லை, கால் இல்லை, வெறும் புள்ளி. பழக்கதோஷத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். என் வலதுகைப் பெருவிரல் தானாகக் கத்தி பிடிக்கிற மாதிரி மடங்கியது. இந்த நிமிஷத்தில் நெகட்டிவாகக் கொண்டுவந்து வைத்தாலும் இதைச் சுரண்டத்தான் செய்வேன். அது தெரிந்ததும் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் நெகட்டிவில் அந்த விளிம்பைத் தேடினேன். வலப்பக்கத்துப் பிளவுக்கு இரண்டு நூல் மேலே, மூன்றாவது தடம். சந்தேகமே இல்லை. பென்சில் பிடிப்பதற்காக வார்னிஷ் தடவிக் காயவிட்டுப் பென்சிலைச் சீவினேன். முதலில் வைத்த புள்ளி வட்டமாக வந்தது. மனுஷன் வட்டமாக இருக்கமாட்டான். அழித்தேன். இரண்டாவது பெரிதாகிவிட்டது. மூன்றாவது, கீழே கொஞ்சம் அகன்று மேலே குறுகி வந்தது. அதற்குமேல் என் கைக்கு வராது. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, எடுக்கத்தானே உனக்குத் தெரியும், வைக்க எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். நான் பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அந்த நெகட்டிவிலிருந்து புதிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை நானும் ஜகந்நாதனும் சேர்ந்தே கொண்டுபோனோம். நான் போகவேண்டிய அவசியம் இல்லை. நடந்ததை என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மாடி ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். சுரண்டியதையும் சொல்லி, வைத்ததையும் சொல்லி, இடம் மட்டும் பொய் இல்லை என்றும் சொல்லிவிட வேண்டும். வார்த்தைகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன். அகிலாண்டம் கதவைத் திறந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை வாசலிலேயே நிற்கவிடவில்லை, உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஜகந்நாதன் லென்ஸைக் கொடுத்து இடத்தைக் காட்டினார். அவள் குனிந்தவள் நிமிரவே இல்லை. கீழே காய்கறிக்காரன் மராத்தியில் கூவிக்கொண்டு போனான், திரும்பியும் வந்தான். நான் தொண்டையைச் செருமினேன்.

"அம்மா, ஒரு விஷயம்" என்றேன்.

"கால மடிச்சுண்டு உக்காந்திருக்கார், பாருங்கோ" என்றாள், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆத்துலயும் இப்படித்தான். இடது கால மடிச்சுண்டு, வலது கால நீட்டிண்டு. நான் வேற ஒருத்தர் பேச்சைக் கேட்டு…"

ஜகந்நாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே உள்ளே நின்றுவிட்டன. என்ன விஷயம் என்று அவளும் கேட்கவில்லை.

சுவரில் ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. படத்தை மாட்டிவிட்டு அடுக்களைக்குள் போனவள் சின்னக் கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தாள். இறந்தவர் முகம் தெரிகிற படமானால் நெற்றியில் வைப்பார்கள். இதில் நெற்றி எங்கே? இடது கையில் லென்ஸைப் பிடித்து, கண்ணாடி மேல் மெதுவாக நகர்த்தி, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தாள். பாறை விளிம்பும் பிளவும் நான் மூன்று தடவை முயன்று வைத்த புள்ளியும் சந்தனத்துக்குள் போய்விட்டன.

அவள் பின்னோக்கி நடந்து, கட்டிலருகே போய் நின்று பார்த்தாள்.

"இப்போ இங்கேர்ந்தே தெரியறது" என்றாள்.

சந்தனம் கொஞ்சம் நீர்க்கக் கரைந்திருந்தது. ஒரு சொட்டு திரண்டு பாறைச் சுவர் மேல் கோடாக இறங்க ஆரம்பித்தது. அவள் வேகமாக வந்து, பொட்டில் படாமல், கோட்டை மட்டும் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.