சீஸில் கறுப்புப் புள்ளி

மலைமேல் அரியூர் நாட்டில் முகாம் போட்டிருந்த சர்வே துரைக்குக் கேழ்வரகுக் களிகூடப் பிடிக்கும். ஆனாலும் சீஸ் இல்லாமல் மனுஷனால் இருக்க முடியாதாம். மாடு வைத்திருக்கும் ஊர்க்காரி பழனாயி பொழுது சாயக் கொண்டுவரும் பாலைக் காய்ச்சாமலே உறைமருந்து போட்டு, துணியில் கட்டிப் பிழிந்து, பரணில் காயவைக்கச் சமையல்காரன் ராசாமணிக்குச் சொல்லிக்கொடுத்தார். காய்ச்சினால் ருசி போய்விடுமாம். பச்சைப் பாலை மாதக்கணக்கில் வைத்துத் தின்பவர்களை என்னவென்று சொல்வது?

சீஸ் காய்ந்ததும் ராசாமணி ஒரு ராத்திரி பரணில் ஏறினான். துரைக்குத் தெரியாமல் அடிப்பக்கமாகச் சுரண்டி ஒரு கைப்பிடி தின்று பார்த்தான். அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலையில் துரை ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டார். இரண்டாவது துண்டை வெட்டும்போதுதான் உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. முகம் வெளுத்துவிட்டது.

"பால் கெட்டுப்போச்சு. இது விஷம். தின்னவன் பிழைக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ச் சாய்ந்தார்.

ராசாமணிக்கு ராத்திரி தின்ற கைப்பிடி நினைவுக்கு வந்தது. கீழே காளப்பநாயக்கன்பட்டியில் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். மாட்டுக்கு நோய் என்றால் அவன் கதை முடிந்தது. ஒரே ஓட்டமாகப் பழனாயி வீட்டுக்கு ஓடினான்.

"ஏனுங்க அக்கா, மாட்டுக்கு நோவு கீவு உண்டுங்களா? பால்ல கறுப்புக் கறுப்பா கெடக்குதுங்க!"

"மாடு நல்லாத்தான் இருக்குது. அது கரி, சாமி. பொழுது சாஞ்சு ஊட்ட உட்டுப் பால் வெளிய போனா கரித்துண்டு போடாம அனுப்புவமா? காத்து கருப்பு அண்டாது. நீங்க வடிகட்டறதில்லையா?"

காய்ச்சிய பாலை அவன் எப்போதும் வடிகட்டுவான். வடிகட்டியில் தங்குவது தன் அடுப்பிலிருந்து விழுந்த கரி என்றே நினைத்திருந்தான். காய்ச்சாத பாலை வடிகட்டத் தோன்றவே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கினான். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

திரும்பி ஓடிவந்து, "கரிங்க துரை! வெறும் அடுப்புக்கரி! பயப்படாதீங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினான்.

துரை எழுந்து உட்கார்ந்தார். மூச்சிரைக்க, முள் கீறிய காலோடு நின்றவனைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவா இப்படி ஓடினே, ராசாமணி?"

"ஆமாங்க துரை" என்றான் ராசாமணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

துரை சீஸில் சரிபாதியை வெட்டி அவன் கையில் கொடுத்தார். ராசாமணி அதை முதல் தடவையாகத் துரைக்கு எதிரிலேயே தின்றான்.