அடுப்படி வரை ஒன்றேகால் கிலோமீட்டர்

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், சண்முகையாவின் கட்டிலிலிருந்து அடுப்படிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் ஆகியிருந்தது.

முதல் நாள் அது பதினாறு அடிதான். கோவில்பட்டியில் அந்த வீட்டைக் கட்டும்போது கொத்தனார் அளந்து சொன்னது. படுக்கையறைக் கதவைத் திறந்தால் இடைவழியாக ஒரு நடை. நடை முடிந்தால் அடுப்படி. இடையில் சுவரில் ஒரு காலண்டர். இப்போது கட்டிலிலிருந்து பார்த்தால் காலண்டர் தெரியவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். சண்முகையா பயிற்சி செய்யவில்லை. மல்லாந்து படுத்து, வலது காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி, இறக்க வேண்டும். இருபது தடவை. நாளுக்கு மூன்று வேளை. அவர் செய்யாத ஒவ்வொரு நாளும் நடை நீண்டது.

அவர் முப்பத்தொரு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கைகால்களை ஆட்ட வைத்தவர். அவர் மட்டும் வேப்பமரத்து நிழலில் விசிலோடு நிற்பார்.

அவருடைய மனைவி செண்பகம் ஐந்து நாள் வரை காபியை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். வந்து சேரும்போது காபி ஆறியிருக்கும். அவர் அப்படியே குடிப்பார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பி நடப்பாள். ஆறாம் நாள் நடையில் மினிபஸ் விட்டார்கள். அதன் பிறகு சாப்பாடு தூக்குச்சட்டியில் வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாக நீட்டுவார். கடைசி வண்டி ஆறு மணிக்கு என்பதால் செண்பகம் அடுப்படியிலேயே பாய் விரித்துப் படுத்தாள். அவள் தாளிக்கும் மணம் மறுநாள் வந்து சேர்ந்தது.

பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஜெபராணி வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்கூட்டரில் வருவாள். சின்னப் பெண். சிரிக்க மாட்டாள். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியை வைத்துப் பார்த்தாள்.

"அறுபத்தஞ்சு டிகிரி. போன தடவையும் அறுபத்தஞ்சு."

பிறகு அடுப்படி வரை ஸ்கூட்டரில் போய்த் திரும்பி வந்து, மீட்டரைப் பார்த்து நடையின் நீளத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"எல்லார் வீட்டுலயும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார் சண்முகையா.

"எட்டயபுரத்துல ஒரு சார் இருக்காரு. அவரு அடுப்படி இப்ப விளாத்திகுளம் பக்கத்துல இருக்கு."

"செய்யணும்னுதான் நெனைக்கேன். மனசு வர மாட்டேங்குது."

"வந்தா உக்காரச் சொல்லுங்க சார். நீங்க கால மட்டும் தூக்குங்க."

அவள் போன பிறகு சண்முகையா வாசலைப் பார்த்தபடி மனசுக்காகக் காத்திருந்தார். அன்று முழுவதும் வரவில்லை. மறுநாள் காலையில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பால்காரர்.

வேறு வழியில்லாமல் தலையணைக்கடியிலிருந்து விசிலை எடுத்தார். பழைய விசில். முழு மூச்சையும் பிடித்து ஊதினார். அவருடைய கால் அசையவில்லை. வெளியே தெருவில் இரண்டு ஸ்கூட்டர்களும் ஒரு தண்ணீர் வண்டியும் வரிசையாக நின்றன. கையில் ஃபைலோடு ஒருவர் உள்ளே வந்து, கட்டிலுக்கு முன்னால் குதிகால் சேர்த்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். தொப்பை பெல்ட்டைத் தாண்டியிருந்தது.

"சுடலைமுத்து சார். எண்பத்தொம்பது செட்டு. இப்ப நகராட்சியில இருக்கேன். உங்களப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன், விசில் கேட்டுச்சு."

"நிமிந்து நிக்காண்டாம். சொல்லு."

சுடலைமுத்து ஃபைலைத் திறந்தார். "உங்க அடுப்படி வார்டு மாறிருச்சு சார். இந்தக் கட்டில் ஏழாம் வார்டு. அம்மா இருக்கிறது பன்னெண்டாம் வார்டு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்கன்னு ஒரு படிவம் இருக்கு. இருபத்தாறாம் தேதிக்குள்ள, வீட்டுக்குள்ள ஒரே இடத்துல நின்னு, என் முன்னாடி கையெழுத்துப் போடணும்."

"போடலேன்னா?"

"அடுப்படிக்குத் தனிக் கதவு எண் ஒட்டிருவோம். அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு."

"அவ பஸ்ல வந்துருவாடா."

சுடலைமுத்து படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தார். அவருக்கே வருத்தமாக இருந்தது. "பஸ்ல வந்தா விருந்தாளின்னு எழுதணும் சார்."

அவர் போன பிறகு சண்முகையா வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். அந்த வீட்டில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அவருடைய பனியன் அளவுகூட அவளுக்குத்தான் தெரியும். அவர் அடுப்படிக்கு போன் போட்டார்.

"ஏ செண்பகம். நீ விருந்தாளியாம்."

"யாரு சொன்னா?"

"நகராட்சி."

மறுமுனையில் மிக்சி கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

"கால் தூக்குனீங்களா?"

"மனசு வரல."

"சரி, போனை வைக்காதீங்க. கல்லு காஞ்சு கெடக்கு. நான் மாவு ஊத்துறேன், நீங்க காலைத் தூக்குங்க. திருப்பிப் போட்டதும் இறக்குங்க."

"இருபதா?"

"ஒரு தோசை."

ஸ்ஸ் என்று கேட்டது. சண்முகையா காலைத் தூக்கினார். தொடை நடுங்கியது. முட்டிக்குள் யாரோ ஆணியைத் திருகுவதுபோல் இருந்தது. தோசை வேக இவ்வளவு நேரமாகும் என்று இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"திருப்பிட்டேன்," என்றாள் செண்பகம்.

அவர் இறக்கினார். நடை மூன்று மீட்டர் குறைந்தது. தூரத்தில் மினிபஸ் ஒரு குலுங்கு குலுங்கியது.

"இன்னும் ஒரு கரண்டி மாவு இருக்கு," என்றாள்.

அன்று இருபது தடவையும் அவள் இருபது என்று சொல்லவில்லை. ஒரு கரண்டி மாவு இருக்கு என்றே சொன்னாள். அதிலிருந்து மூன்று வேளையும் இப்படியே நடந்தது. நாளுக்கு அறுபது தோசை. மினிபஸ் பயணிகள் தின்றார்கள். அவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் சண்முகையாவுக்குச் சலித்துவிட்டது. காலைத் தூக்காமலேயே, "தூக்கிட்டேன்," என்றார்.

அடுப்படியில் தோசைத்திருப்பி கல்லைச் சுரண்டுவது கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"தோசை எந்திரிக்க மாட்டேங்குது," என்றாள் செண்பகம். "காந்துது."

அவர் தன் வலது காலைப் பார்த்தார்.

"நான் கோவிச்சுக்கிடல. நீங்க தூக்குனாத்தான் இது வரும் போலருக்கு."

அவர் தூக்கினார். "வந்துருச்சு," என்றாள். அடி கறுத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அதை அவளேதான் சாப்பிடுவாள் என்றும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பதினான்காம் தோசையின்போது, கால் அந்தரத்தில் இருக்க, அவர் கேட்டார்.

"செண்பகம், உனக்குத் தோசை சுடப் பிடிக்கும்லா?"

"பிடிக்காது."

"இப்பவா?"

"எப்பவுமே. கல்யாணத்துக்கு முந்தியே பிடிக்காது. மூஞ்சியில அனல் அடிக்கும். நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போகும்."

"அப்புறம் எப்படி இத்தன வருஷம்?"

"கல்லு காயும். ஊத்துவேன்," என்றாள். "திருப்பிட்டேன். இறக்குங்க."

சண்முகையா இறக்கவில்லை. எதைப் பற்றியோ யோசித்துக்கொண்டே அடுத்த தோசை வரைக்கும் வைத்திருந்தார். நடை ஒரே தடவையில் ஒன்பது மீட்டர் குறைந்து, சுவரில் காலண்டர் தெரிந்தது. அதில் தேதி கிழிக்காமல் இருந்தது.

இருபத்தாறாம் தேதி காலையில் நடை நாற்பது மீட்டர் இருந்தது. மினிபஸ்ஸை முந்தின நாளே நிறுத்திவிட்டார்கள். திருப்புவதற்கு இடமில்லை. ஜெபராணி வந்து முட்டியை அளந்தாள். "தொண்ணூத்தஞ்சு," என்றாள். பிறகு நோட்டை மூடிவிட்டு, வாக்கரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். பிடித்துக் கூட்டிப்போகவில்லை.

சுடலைமுத்து ஒரு ஸ்டூலை நடையின் சரிபாதியில் போட்டு, படிவத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

சண்முகையா கட்டிலிலிருந்து எழுந்தார். அப்போதும் அவருக்கு மனசு வந்திருக்கவில்லை. வாக்கரை முன்னால் வைத்தார். வலது காலை வைத்தார். இடது காலை வைத்தார். அந்தப் பக்கமிருந்து செண்பகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் அவர் ஒரு அடி வைத்தால் அவளும் ஒரு அடிதான் வைத்தாள்.

ஸ்டூலுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய சட்டை நனைந்திருந்தது. பன்னிரண்டு நாளாக அவளை இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. அவளுடைய வலது கை மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது.

"உறவுமுறை?" என்று கேட்டார் சுடலைமுத்து. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டுக்காரரு," என்றாள் செண்பகம்.

கையெழுத்துப் போட்டார்கள். சுடலைமுத்து முத்திரை குத்தி, குதிகால் சேர்த்து நின்றுவிட்டுப் போனார்.

"மெதுவாத் திரும்புங்க. கட்டில் வரைக்கும் நானும் வாரேன்," என்றாள் செண்பகம்.

சண்முகையா திரும்பவில்லை. வாக்கரை அடுப்படிப் பக்கம் வைத்தார். இன்னும் இருபது மீட்டர் இருந்தது. அவள் பக்கத்திலேயே நடந்தாள். அடுப்படியில் அவர் நுழைவது அந்த வீட்டில் அநேகமாக அதுதான் ஐந்தாவது தடவை.

"நீ உக்காரு," என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுங்க."

"பிடிக்கவும் பிடிக்காது. உக்காரு."

அவள் முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் இரண்டு காலிலும் சமமாக நின்று, கல் காயும்வரை காத்திருந்து, ஒரு கரண்டி மாவை ஊற்றினார். முகத்தில் அனல் அடித்தது. மாவு வட்டமாகப் போகவில்லை. எடுக்கும்போது மூன்றாகப் பிய்ந்தது. அதைத் தட்டில் வைத்து நீட்டினார்.

செண்பகம் மூன்று துண்டையும் நிதானமாகச் சாப்பிட்டாள். விரலை நக்கிவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னொன்னு ஊத்துங்க," என்றாள்.