உயிரோடிருக்க ஒரு விலாசம்

நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க ஓர் ஆள் இல்லை. மருதமுனை முழுக்கச் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுத்த தபால்காரன் மீராசாஹிபு நான். இப்போது என் உயிருக்குச் சான்று கேட்டு அதே சைக்கிளை மிதிக்கிறேன். தலையெழுத்து!

பென்சன்காரர்கள் வருசா வருசம் உயிர்வாழ் சான்றிதழில் கிராம சேவகரின் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் என் பென்சன் நின்றுவிடும். போன வருசம் வரை பழைய கிராம சேவகர் முகத்தைப் பார்த்தே போட்டுத் தந்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் குடியிருப்பவர்களின் பெயர் பதிந்த இடாப்பைத்தான் பார்க்கிறார்.

"ஒங்கட பேர் இஞ்ச இல்லையே மாமா. நீங்களே வெட்டச் சொல்லியிரிக்கீங்க."

ஓம், சொன்னேன். மூத்தவள் சிபானாவின் கலியாணத்துக்கு மருதமுனை வீட்டைக் கொடுத்தபோது, குடுத்தா முழுசாக் குடுக்கணும் என்று என் பெயரை நானே வெட்டுவித்தேன். இளையவள் றுஸ்னாவுக்குக் கல்முனைக்குடியில் வீடு கட்டிக் கொடுத்தபோதும் அதே வீம்பு. பெண்சாதி ஸுல்பிகாவின் பெயரை மட்டும் மகளோடு போட்டுவிட்டு, மருமகன்ட வீட்டில எனக்கென்ன பேர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். நம்ம ஊரில் பெண் பெற்றவன் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் எந்த மடையன் தன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறான்?

கொடுத்த வீட்டில் திரும்ப என் பெயரைப் பதி என்று சிபானாவிடம் கேட்க வெட்கம். மறுநாள் காலை அவள் கொடுத்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கல்முனைக்குடிக்கு மிதித்தேன். அங்கத்தைய கிராம சேவகர் றிஸ்மி, நல்ல பொடியன். கதிரை போட்டு இருத்தினான்.

"மாமிட பேர் இஞ்ச இரிக்கி. ஒங்களையும் சேர்க்கலாம். நீங்க இஞ்சதானே இரிக்கிற?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய் வரவில்லை. வீடு வீடாக விலாசம் வாசித்த வாய் அது.

"இல்ல தம்பி. நான் மருதமுனையில மூத்த மகள்ட வீட்டில. மருமகன் கட்டார்ல. ராவைக்கு ஒரு ஆம்புள வேணுமே."

"அப்ப மாமி?"

"அவ இஞ்ச, றுஸ்னாட புள்ளையப் பார்க்க. றுஸ்னா வேலைக்குப் போறாளே."

அவன் பேனையை மூடினான். "கோவிக்காதீங்க மாமா. ரெண்டு பேரும் பிரிஞ்சா இரிக்கிற?"

"ஆரு பிரிஞ்ச?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோதுதான் அவன் கேட்டது உறைத்தது. கடைசியாக அவளும் நானும் ஒரு கூரைக்குக் கீழே தூங்கியது எப்போது? யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வந்து சோறு தின்றுவிட்டுப் போகிறேன், விருந்தாளி மாதிரி. யா அல்லாஹ், பெண்சாதி வீட்டுக்கு விருந்தாளி!

றுஸ்னாவின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அன்று லீவு. முற்றத்தில் ஸுல்பிகா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸுல்பிகா, வா, வீடு பார்க்கப் போவம்."

"ஆருக்கு?"

"நமக்கு. கூலிக்கு, மாச வாடகைக்கு. ஒரு அறையும் குசினியும் போதும். ரெண்டு பேர்ட பேரையும் அங்க பதிவம். பென்சன் நிக்காட்டிக் கூலி குடுக்கலாம்."

றுஸ்னா ஓடி வந்தாள். "என்ன வாப்பா இது? ஊர் என்ன கதைக்கும்? நாங்க ரெண்டு பேரும் இரிக்கக்குள்ள கூலி வீடா?"

ஸுல்பிகா பேரனை மகளின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபம்தான் என்று நினைத்தேன். வயது போன காலத்தில் இது தேவையா என்று திட்டப் போகிறாள். வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். போய்விடலாமா என்றும் யோசித்தேன்.

அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பெரிய பேக்.

"பேக் என்னத்துக்கு? இண்டைக்குப் பார்க்கத்தானே போறம்?"

"ஒங்கள நம்பேலா. மறுகா மனசு மாறிருவீங்க," என்றாள். பேக்கை என் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினாள். "உடுப்பெல்லாம் இதுல கட்டி வெச்சி ரெண்டு வருச நோம்பு போயிட்டு. வா எண்டு நீங்க கேக்கவே இல்ல."